தறிக்குழிக் கெண்டி

இது நடந்தது. நடந்த வீடு காத்தான்குடியில் வாவிக்கரைப் பக்கம் இருந்தது. அந்த இரவு அந்த வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். மூவரும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஆட்களிடம் இதைச் சொன்னார்கள். மணி மாறவில்லை. காலடிகளின் எண்ணிக்கையும் மாறவில்லை. இரவில் தனியே எழும்பி வெளியே போகிற பழக்கம் உள்ளவர்கள் இதைப் பகலில் வாசிப்பது நல்லது.

1942ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். கச்சான் காற்று வீசி நிலமெல்லாம் காய்ந்து கிடந்தது. யுத்த காலம். இருட்டிய பிறகு கடற்கரை ஊர்களில் வெளிச்சம் தெரியக் கூடாது என்று கட்டளை. மண்ணெண்ணெயும் கிடைப்பதில்லை. இரவு இஷாத் தொழுகை முடிந்தால் ஊர் முழுவதும் ஒரே இருட்டு.

ஆதம்பாவா நெசவுக்காரர். வயது அறுபத்து நாலு. மனைவி ஆசியா உம்மா மௌத்தாகி இரண்டு வருடம். ஒரே மகள் சித்தி நபீஸா. அவளுக்குப் பேசிய கலியாணம் மூன்று குழம்பிப்போய், நாலாவதாக ஹலீம் வந்து வாய்த்தான். புடவைக் கடையில் வேலை. அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு மகளுக்கு. மாப்பிள்ளை வந்து குடியேறுவான். பெற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஆதம்பாவா அறையையும் கட்டிலையும் கொடுத்துவிட்டு, வீட்டோடு ஒட்டிய தறிக்கொட்டிலில் பாயை விரித்துக்கொண்டார். அதில் அவருக்கு ஒரு மனக்குறையும் இல்லை.

ஆனால் ஒரு வருத்தம் இருந்தது. யாரிடமும் வாய் திறந்து சொல்ல முடியாத வருத்தம். இரவானால் அவருக்குச் சலம் போவது நிற்காது. பகலில் அடக்கமாக இருப்பது, படுத்து அரை மணி ஆனதும் முட்டும். எழும்பி உட்காருவதற்குள் சொட்டும். ஓடிப்போய்க் குந்தினால் நாலு துளி. திரும்பி வந்து கண் அயர, மறுபடியும். ஒரு இரவுக்கு ஐந்து தரம். சில இரவுகளில் ஆறு.

போகிற வழிதான் பெரிய துன்பம். நூலுக்குத் தட்டுப்பாடு, களவு போகும் என்று கொட்டிலின் வெளிக்கதவுக்கு ஹலீம் பலகை வைத்து ஆணி அறைந்திருந்தான். வெளியே போவதென்றால் வீட்டுக்குள் புகுந்து, புதுமணத் தம்பதிகளின் அறையைத் தாண்டி, பின்கதவைத் திறந்து கிணற்றடிக்குப் போக வேண்டும். அந்த அறைக்குக் கதவு கிடையாது. திரைதான். பின்கதவின் தாழ்ப்பாளோ தொட்டால் கிறீச்சிடும். சரியாக அந்தத் திரைக்கு முன்னால் வரும்போதுதான் அவருக்குக் குத்தல் எடுக்கும். காலைப் பின்னிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அது தணியும்வரை அங்கேயே நிற்பார். ஒரு அடி எடுத்து வைத்தாலும் தரையெல்லாம் நனைந்துவிடும்.

ஒரு சட்டியைக் கொட்டிலில் ஒளித்து வைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் ஹலீமின் தாய் வந்தாள். மூக்கைச் சுளித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன மருமகள், ஊட்டுக்குள்ள ஆடு கட்டியிரிக்கீங்களா? மணக்குது!"

நபீஸா தலையைக் குனிந்துகொண்டாள். அன்று மாலையே ஆதம்பாவா சட்டியை உடைத்துப் புதைத்தார். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். தொண்டை வறண்டது. சலம் மட்டும் குறையவில்லை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை இரவு, ஒன்றரை மணிக்கு, திரைக்கு முன்னால் அவர் காலைப் பின்னிக்கொண்டு நின்றபோது உள்ளே ஹலீமின் குரல் கேட்டது. மெதுவாகத்தான் பேசினான்.

"நபீஸா, உங்கட வாப்பா திரைக்கு முன்னால வந்து வந்து நிக்கிறாரே. என்னத்தக் கேக்க நிக்கிறாரு?"

நபீஸா மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

ஆதம்பாவா அப்படியே திரும்பிவிட்டார். கொட்டிலுக்குள் வந்து இருட்டில் நின்றார். இடுப்புக்குக் கீழே நெருப்பாய் எரிந்தது. மகளின் வாழ்க்கை ஒரு திரைத் துணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இனிச் செத்தாலும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று முடிவெடுத்தார். ஆனால் சலம் முடிவுக்குக் கட்டுப்படுமா?

காலடியில் தறிக்குழி இருந்தது.

நெய்கிறவர் கால் தொங்கவிட்டு, மிதிபலகையை மிதிப்பதற்காக வெட்டிய குழி அது. தொடையளவு ஆழம். அடியில் வெறும் மணல். அந்த ஊர் மணலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாலும் கண் மூடித் திறப்பதற்குள் உறிஞ்சிக்கொள்ளும். பொந்திலும் குழியிலும் சலம் விடக் கூடாது, அங்கே ஜின்கள் குடியிருக்கும் என்று சிறுவயதில் ஓதிய பள்ளியில் லெப்பை சொல்லிக்கொடுத்தது அவருக்கு நினைவு வந்தது. நினைவு வந்தபோதே அவர் குந்திவிட்டார்.

சுகமாக இருந்தது. அழுகையே வந்தது.

பிறகுதான் ஒன்று உறைத்தது. மணலில் விழுகிற சத்தம் கேட்கவில்லை.

சுத்தம் செய்யத் தண்ணீர் இல்லையே என்று கையால் துழாவினார். வலது பக்கத்தில் ஏதோ தட்டுப்பட்டது. குளிர்ந்த உலோகம். நீண்ட மூக்கு. கெண்டி! நிறையத் தண்ணீர் இருந்தது. மாப்பிள்ளை வீட்டுச் சாமான்களோடு வந்த புதுக் கெண்டியாக்கும் என்று நினைத்தார். மகள் புரிந்துகொண்டிருக்கிறாள். கேட்காமலே கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

இருட்டில் யாரோ நிற்பதுபோல் இருந்தது.

"நபீஸாவா?" என்றார் மெதுவாக.

பதில் இல்லை. வெட்கத்தில் வாய் திறக்கவில்லை என்று நினைத்தார்.

"நபீஸா, நீ நல்லா இரிக்கோணும் மகள்."

கழுவிக்கொண்டு படுத்தார். காலையில் கெண்டி அங்கே இல்லை. ஹலீம் பார்க்குமுன் எடுத்துவிட்டாள், கெட்டிக்காரி! குழிக்குள் எட்டிப் பார்த்தார். மணல் காய்ந்து கிடந்தது. நனைந்த அடையாளமே இல்லை.

இரண்டாம் இரவு, கெண்டி கைக்கு இன்னும் கிட்ட இருந்தது. தண்ணீரில் வாவிச் சேற்றின் வாடை அடித்தது.

நாலாம் இரவு சத்தம் கேட்டது. ஆனால் பிந்திக் கேட்டது. சலம் விழுந்து, ஒன்று... இரண்டு... மூன்று என்று எண்ணிய பிறகு, ஆழத்தில் எங்கேயோ தண்ணீரில் விழும் சத்தம். தொடையளவுக் குழியில்!

காது மந்தம் என்று தன்னையே தேற்றிக்கொண்டார். வேறு என்ன செய்வார்? போக வேறு இடமில்லை.

ஏழாம் இரவு, ஏழு வரை எண்ணினார். கெண்டியைத் தேடிக் கையை நீட்டினார். அது தேட வைக்கவில்லை. பிடி தானாகவே உள்ளங்கைக்குள் வந்தது. யாரோ நீட்டினார்கள்.

"நபீஸா, அல்லாஹ் உனக்குப் பரக்கத் செய்வான்," என்றார் அவர். நாக்குக் குழறியது.

அதற்குள் ஐந்து தரம் என்பது எட்டாகி, ஒன்பதாகி இருந்தது. குடிக்கிற தண்ணீரைவிடப் போகிற தண்ணீர் அதிகம். கன்னம் ஒட்டிவிட்டது. கை நடுங்கி நூல் அறுந்தது.

பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை காலை. ஹலீம் கொட்டிலுக்குள் வந்து நின்றான். முகம் இறுகியிருந்தது.

"மாமா, ஒண்டு கேக்கோணும். கோவிக்கப்படாது."

"கேளுங்க தம்பி."

"ராவில எத்தின தரம் பின்னுக்குப் போறீங்க?"

"நான் போறல்ல தம்பி. இப்ப போறதே இல்ல."

"பொய் சொல்லாதீங்க மாமா. நேத்து ஒம்பது தரம். எண்ணிக்கிட்டுத்தான் படுத்திருந்தன். ஒம்பது தரமும் திரைக்கு முன்னால நின்டீங்க. இருமக்கூட இல்ல, மூச்சு மட்டும் விட்டீங்க."

ஆதம்பாவா தறியைப் பிடித்துக்கொண்டார்.

"ஈரக் காலோட வாறீங்க. காலையில சீமெந்துல தடம் கிடக்குது. நபீஸா விடிய எழும்பித் துடைக்கிறா, உங்கட மானத்தக் காப்பாத்த. நாளைக்கு ஜும்ஆ முடிய நான் உம்மாட ஊட்டுக்குப் போறன். திரும்பி வாறத பொறவு யோசிப்பம்."

"தம்பி! ஒரே ஒரு ராவு." ஆதம்பாவா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "இண்டைக்கு என்னோட கொட்டிலில இரிங்க. என்ட கையையும் உங்கட கையையும் நூலால கட்டுங்க. நான் உங்களுக்குத் தெரியாம அசைஞ்சா, நீங்க போங்க. நான் மறிக்கமாட்டன்."

ஹலீம் அவருடைய ஒட்டிய கன்னத்தைப் பார்த்தான். சரி என்றான்.

அன்று இரவு பத்து மணிக்கு இரண்டு பேரும் கொட்டிலில் உட்கார்ந்தார்கள். குழிக்கு இந்தப் பக்கம் ஆதம்பாவா. அந்தப் பக்கம் ஹலீம். இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே முறுக்கிய நூல். வீட்டுக்குள் போகும் வாசல் ஹலீமின் முதுகுப் பக்கம் இருந்தது. நபீஸா அறையில் தனியே படுத்திருந்தாள்.

பதினொன்று அடித்தது. பன்னிரண்டு அடித்தது. சுவர் மணிக்கூடு அரை மணிக்கு ஒரு அடி அடிக்கும். பன்னிரண்டரைக்கு அந்த ஒன்று கேட்டபோது ஆதம்பாவாவால் தாங்க முடியவில்லை.

"தம்பி... முட்டுது."

"வாங்க, கூட வாறன்."

நூல் கட்டியபடியே நடந்தார்கள். திரைக்கு முன்னால் குத்தல் எடுத்தது. அவர் காலைப் பின்னிக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றார். மூச்சு இரைந்தது. ஹலீம் இருட்டில் அவரைப் பார்த்தபடி நின்றான்.

"இதுக்குத்தானா மாமா இஞ்ச நிப்பீங்க?"

"ஓம்."

கிணற்றடியில் முடித்துவிட்டுத் திரும்பினார்கள். உட்கார்ந்த பிறகுதான் ஹலீம் கேட்டான்.

"சொல்லியிருக்கலாமே மாமா."

"எப்பிடித் தம்பி சொல்ற?"

மணிக்கூடு ஒன்று அடித்தது.

"அப்ப இத்தின நாளும் பின்னுக்குப் போகல்லண்டா... எங்க போனீங்க?"

ஆதம்பாவா குழியைக் காட்டினார். இருட்டில் கை தெரியாது என்பது நினைவு வந்து, சொன்னார். ஹலீம் உச்சுக்கொட்டும் சத்தம் கேட்டது.

"நபீஸாவக் கோவிக்காதீங்க தம்பி. அவதான் கெண்டியில தண்ணி வைப்பா. பாவம், ஒவ்வொரு தரமும் எழும்பி வந்து தருவா."

ஹலீம் குழிப் பக்கமிருந்து காலை இழுத்துக்கொண்டான்.

"மாமா... நபீஸா என்ட பக்கத்துலதான் படுத்திருந்தா. ஒரு ராவும் எழும்பல்ல."

மணிக்கூடு இன்னொரு தரம் ஒன்று அடித்தது. ஒன்றரை.

இரண்டு பேரும் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் தெரியவில்லை.

காற்று நின்றது.

இரண்டு மணி அடித்தது. இரண்டாவது அடியின் அதிர்வு அடங்கவில்லை...

டக்.

குழிக்குள் மிதிபலகை அமுங்கியது.

டக்... டக்.

யாரோ அதில் கால் வைத்து ஏறினார்கள்.

சேற்று வாடை எழுந்தது. குளிர் முகத்தில் அடித்தது. இரண்டு பேருக்கும் நடுவே கட்டியிருந்த நூல் இறுகியது. ஏதோ ஒன்று அதை இடுப்பால் தள்ளுவதுபோல், நூல் ஒரு பக்கமாக வளைந்தது. மணிக்கட்டு வலித்தது. பிறகு விட்டது.

நூல் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

சளக்... சளக்...

ஹலீமின் தோளை உரசிக்கொண்டு காலடி உள்ளே போனது. ஹலீம் எண்ணினான். பதினொரு அடி. திரைக்கு முன்னால் நின்றது.

மூச்சு விடும் சத்தம்.

பிறகு ஒரு குரல்.

"நபீஸா."

அது ஆதம்பாவாவின் குரல்.

அவர் தன் வாயைத் தொட்டுப் பார்த்தார். மூடியிருந்தது.

"வாப்பா?" நித்திரைக் கலக்கத்தில் நபீஸா கேட்டாள். கட்டில் கிறீச்சிட்டது. "என்ன வாப்பா, ஏலாதா? நில்லுங்க, வாறன்."

திரை விலகியது.

சளக்... சளக்... இப்போது அதோடு இன்னொரு காலடி. வெறுங்கால். காய்ந்த கால்.

இரண்டும் கொட்டிலை நோக்கி வந்தன.

"மெல்லப் போங்க வாப்பா. இருட்டா இரிக்கு."

ஹலீம் எழும்பப் பார்த்தான். கால் மரத்திருந்தது.

"நபீஸா!" ஆதம்பாவா கத்தினார். "மகள்! நான் இஞ்ச! நில்லு!"

"ஓம் வாப்பா," என்றாள் அவள். "உங்கட கையப் புடிச்சுக்கிட்டுத்தானே வாறன்..."

வாசலைத் தாண்டிவிட்டாள்.

குழிக்கு நாலு அடி.

மூன்று.

டக். மிதிபலகை அமுங்கியது. அது இறங்குகிறது.

ஆதம்பாவா குழியின் குறுக்கே விழுந்தார். நெஞ்சு ஒரு விளிம்பில், தொடை மறு விளிம்பில். நூல் அறுந்தது. அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவரை விட்டுப் போனது. இடுப்புச் சாரம் நனைந்தது. மருமகன் பார்ப்பான், மகள் பார்ப்பாள்... அந்த நேரம் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. வயிற்றுக்குக் கீழே குளிர்ந்த ஏதோ ஒன்று முட்டியது. முட்டிக்கொண்டே இருந்தது. அவர் அசையவில்லை.

நபீஸாவின் கால் அவர் முதுகில் தடக்கியது. அவள் அவர்மேல் விழுந்தாள். அவளுடைய வலது கை மட்டும் இன்னும் குழிக்குள் நீண்டிருந்தது.

"வாப்பா? நீங்க... மேலயா இரிக்கீங்க?"

பிறகுதான் வீரிட்டாள்.

ஹலீம் நெருப்புக்குச்சியை உரசினான். வெளிச்சம் கூடாது என்ற கட்டளையாவது மண்ணாவது! சுவர் மணிக்கூட்டில் இரண்டு பத்து.

நபீஸாவின் வலது கை முழங்கைவரை நனைந்து, கறுத்த சேறு அப்பியிருந்தது. சீமெந்துத் தரையில் ஈரக் காலடிகள். திரையடிக்குப் போனவை பதினொன்று. திரும்பி வந்தவையும் பதினொன்று. குழிக்குள்ளே வெறும் மணல். காய்ந்த மணல்.

விடிந்ததும் குழியைத் தூர்த்தார்கள். எட்டுக் கூடை மண் போதும் என்று பார்த்தார்கள். இருபத்தேழு கூடை போட்ட பிறகுதான் நிரம்பியது.

ஹலீம் தாய் வீட்டுக்குப் போகவில்லை. கொட்டிலின் வெளிக்கதவில் அடித்த பலகையை அவனே பிடுங்கினான். மாமாவின் நனைந்த சாரத்தைக் கிணற்றடியில் அவன்தான் அலசிப் போட்டான். அதற்குப் பிறகு இரவில் மாமா இருமினால் போதும், எழும்பி வந்து கூடப் போவான். "வாங்க மாமா, ராசா மாதிரிப் போய்வருவம்," என்பான். ஆதம்பாவா வாழ்ந்த கடைசி மூன்று வருடமும் அப்படித்தான் நடந்தது.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும்.

குழியைத் தூர்த்த அன்று மாலை ஆதம்பாவா மகளிடம் கேட்டார்.

"அந்தக் கெண்டி எங்க மகள்? அதையும் வாவியில எறிவம்."

"எந்தக் கெண்டி வாப்பா? நம்மட ஊட்டில கெண்டியே இல்லையே. செம்புதானே."

அவர் அந்தப் பன்னிரண்டு நாட்களையும் சொன்னார். தண்ணீர் வந்ததை. வாங்கிக் கழுவியதை. ஒவ்வொரு தரமும் பேர் சொல்லித் துஆச் செய்ததை. கேட்கக் கேட்க நபீஸாவின் முகம் வெளுத்தது. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வாப்பா... உம்மாவுக்கும் இந்த வருத்தம் இரிந்தது. கடைசி மாசம். கால் ஏலாம இதே கொட்டிலில படுத்திருந்தாவே, அப்ப. உங்கள எழுப்ப வெக்கப்பட்டு அவவும் இந்தக் குழிக்குள்ளதான் போயிருக்கா. மௌத்தாகிறதுக்கு முதல் நாள் என்னட்டச் சொன்னா. நான் காய்ச்சல்ல பிதட்டுறாண்டு நினைச்சன். உங்களிட்டச் சொல்ல எனக்கும் வெக்கமா இரிந்தது."

"என்ன சொன்னா?"

நபீஸா குரலைத் தாழ்த்தினாள்.

"ராவில குழிக்குள்ள இருந்து ஒரு கை கெண்டிய நீட்டுது மகள், நான் வாங்கல்ல எண்டு உம்மா சொன்னா. அது உன்ட பேரக் கேக்குது, நான் சொல்லல்ல எண்டா."